ஏழு மணிச் செய்திக்கு இரண்டு பேர்

சித்தியவான்
19 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி பவித்ரனுக்கு,

அக்கா குமுதா எழுதுவது. நானும் உன் தேவன் மாமாவும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பேசிப் பதிவு செய்து அனுப்பினால், "பேசி அனுப்பாதே அக்கா, கையால் எழுது, உன் எழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று பதில் போடுகிறாய். எனக்குப் போனில் தமிழ் தட்டத் தெரியாது. சரி, தம்பி ஆசைப்பட்டுவிட்டான் என்று தபால்தலை வாங்கப் போனால், கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கடைசியாக நான் கடிதம் போட்டது எப்போது என்று எனக்கே நினைவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டிவியில் என்ன கூத்து நடக்கிறது? நாள் முழுக்கச் செய்தி போடும் சேனல் என்பது தெரியும். ஆனால் ஆறு வருடமாக ஏழு மணிச் செய்தியை நீ ஒருவனாகத்தானே வாசித்தாய்? இப்போது பக்கத்தில் ஒரு பெண். பாதியை அவள் சொல்கிறாள், மீதியை நீ சொல்கிறாய். அவள் உன்னைக் கேள்வி கேட்கிறாள். விடை தெரியாமலா செய்தி வாசிக்க வந்தாள்? யார் யாருக்குச் செய்தி சொல்கிறீர்கள், எங்களுக்கா, உங்களுக்குள்ளேயேவா? ஒன்றும் புரியவில்லை.

மாமா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, அவர் கேட்கிறார்: "ஒரே பஸ்ஸுக்கு எதுக்கு ரெண்டு டிரைவரு? ஒருத்தன் பிரேக்கு, ஒருத்தி ஸ்டேரிங்கா?" தினமும் நம் வீட்டுக்கு டிவி பார்க்க வரும் பக்கத்து வீட்டு முத்தம்மா, "அந்தப் பொண்ணையே ஏன் இப்படி முழுங்குற மாதிரி பார்க்குறான் உன் தம்பி?" என்கிறாள். நானும் கவனித்தேன். பதில் எழுது.

உன் நலத்தையே நினைக்கும்,
அக்கா குமுதா


தஞ்சோங் மாலிம்
3 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இந்த வாரம் மட்டும் இரண்டு முறை ரயிலைத் தவறவிட்டேன்; கோலாலம்பூரில் இருக்கும் ஸ்டூடியோவுக்கு அரக்கப் பரக்க ஓட வேண்டியதாயிற்று. மற்றபடி ஒன்றுமில்லை.

தனி ஆள் வாசிப்பது பழைய பாணியாம். பார்ப்பவர்கள் வேறு சேனலுக்குத் தாவிவிடுகிறார்களாம். இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் சொன்னால் வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்குமாம். எங்கள் தலைமைத் தயாரிப்பாளர் பத்துமலை அண்ணன் அப்படித்தான் சொல்கிறார். ஒருவர் தொடங்க வேண்டும், மற்றவர் முடிக்க வேண்டும். நடுவில் எழுதி வைக்காத பேச்சு கொஞ்சம் வர வேண்டும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கேட்கும் முகத்தோடு இருக்க வேண்டும். தலையை அளவாகத்தான் ஆட்ட வேண்டும். அதிகம் ஆட்டினால் பூம்பூம் மாடு என்று பெயர் வைத்துவிடுவார்கள். நான் அவளைப் பார்ப்பது அதனால்தான். முத்தம்மாவிடம் சொல்லிவிடு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நாங்கள் ஆறு பேர், மூன்று ஜோடி. ஜூன் முடிவில் இரண்டு ஜோடிதான் மிஞ்சும். எனக்கு இந்த வேலையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, அக்கா. பயமாக இருக்கிறது.

நீ கடிதமே எழுது. நன்றாக எழுதுகிறாய்.

அன்புடன்,
பவித்ரன்


சித்தியவான்
15 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கு யாவரும் சுகம். மாமாவுக்கு மட்டும் முதுகுவலி. அது பஸ்ஸோடு பிறந்தது.

வேலை போகுமோ என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஏழு மணியானால் அம்மனை வேண்டிக்கொண்டுதான் டிவியைப் போடுகிறேன். வியாழக்கிழமை என்ன ஆயிற்று உனக்கு? சிம்பாங் பூலாயிலிருந்து மலைக்குப் போகும் சாலையில் மண் சரிந்துவிட்டது என்று அந்தப் பெண் வாசித்தாள். வாசித்துவிட்டு, "எப்போது திறப்பார்கள், பவித்ரன்?" என்று கேட்டாள். நீ அவளைப் பார்த்து அழகாகச் சிரித்தாய். மண் சரிந்ததற்குச் சிரிப்பா? அப்புறம் அவளே பதிலையும் சொல்லி உன்னைக் காப்பாற்றினாள். மாமா தொடையில் தட்டிக்கொண்டார்: "அலாமாக்! பையன் விழுந்துட்டான் லா. பக்கத்துல பொண்ணு இருந்தா கேள்வி எங்க காதுல ஏறும்?"

கேட்கும் முகம், கேட்கும் முகம் என்கிறாய். மற்ற இரண்டு ஜோடிகளையும் நான் பார்க்காமல் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காமலும் இருக்கிறார்கள். நீ ஒருவன்தான் கண்ணை எடுப்பதே இல்லை. அக்காவுக்கே காது குத்துகிறாயா?

உனக்கு முப்பத்தாறு ஆகிறது. யார் வீட்டுப் பெண்? ஊர் எது? இரண்டே வரி எழுது போதும்.

பதிலை எதிர்பார்த்து,
குமுதா


தஞ்சோங் மாலிம்
9 ஏப்ரல் 2024

அன்பு அக்கா,

நலம். மாமாவின் முதுகுக்கு என் விசாரிப்பு. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

சுபாஜினி ஈப்போக்காரி. யாழ்ப்பாணத்து வழி. அப்பா இராசையா நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பெரிய கோயிலுக்குப் பின்தெருவில் வீடாம். நீ கேட்டதற்காக எழுதினேன். மற்றபடி கற்பனைக் குதிரையைக் கொஞ்சம் கட்டி வை.

அவள் நல்லவள். அவள் இல்லையென்றால் அந்த நாற்காலியில் இத்தனை நாள் நான் உட்கார்ந்திருக்க முடியாது. அது மட்டும் உண்மை. அதற்கு மேல் கேட்காதே.

புத்தாண்டுக்கு வர முடியாது. மன்னித்துக்கொள்.

பவித்ரன்


சித்தியவான்
24 ஏப்ரல் 2024

என் அன்புத் தம்பிக்கு,

நீ நீடூழி வாழ வேண்டும். இங்கு எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம், கொஞ்சம் அதிகமாகவே.

அதற்கு மேல் கேட்காதே என்று எழுதிவிட்டாய். கேட்கவில்லை. புரியவேண்டியது புரிந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் செய்திருக்க வேண்டிய ஒரு காரியத்தை நான் செய்யப் போகிறேன். நல்லபடியாக முடிந்ததும் எழுதுகிறேன். இப்போதே சொன்னால் கண்பட்டுவிடும். அடுத்த ஞாயிறு தாண்டி மறு ஞாயிறு மாமாவுக்கு பஸ் இல்லை. இப்போதைக்கு இவ்வளவுதான்.

நீ வாசிக்கிற வேலையை மட்டும் பார்.

அக்கா


தஞ்சோங் மாலிம்
8 மே 2024

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. என்ன காரியம் செய்துவிட்டாய்?

ஞாயிற்றுக்கிழமை ஏழு தட்டு வரிசையோடு இராசையா வீட்டு வாசலில் போய் நின்றாயாம். என் தம்பியும் உங்கள் மகளும் விரும்புகிறார்கள், நாடே பார்க்கிறது என்றாயாம். திங்கட்கிழமை மாலை சுபாஜினி நேராக என் மேசைக்கு வந்தாள். இருபது பேர் இருந்தார்கள். "நான் உங்களுக்கு முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினது இதுக்கா?" என்று கேட்டு அழுதாள். கேட்டவர்கள் வேறு விதமாக நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் சிரிக்கவும் செய்தான். அந்தப் பெண்ணின் பெயர் என் கண் முன்னால் கெட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது.

உனக்கும் சொல்கிறேன். என் வலது காது செத்துப் பல வருடம். இடது காதும் ஒன்றரை வருடமாகக் குறைந்துகொண்டே வருகிறது. போன் எடுக்காததும், உன்னைக் கடிதம் எழுதச் சொன்னதும் அதனால்தான். ரயில் நிலையத்தில் அறிவிப்பு கேட்பதில்லை. தனியாக வாசித்தபோது யாருக்கும் தெரியவில்லை. எதிரே எழுத்து ஓடும் திரை இருந்தது; காமிராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் கை காட்டினால் தொடங்குவேன், கை காட்டினால் நிறுத்துவேன். காதே தேவைப்படவில்லை. இரண்டு பேர் என்று ஆனதும் என் கதை முடிந்தது. அவள் எப்போது நிறுத்துவாள், என்ன கேட்பாள் என்பதை அவள் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீயும் மாமாவும் பார்த்த காதல் அதுதான்.

இரண்டாவது வாரமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் பக்கம் முழு முகத்தையும் திருப்பி நிதானமாகப் பேசினாள். அவளுக்கு நாம் செய்த கைம்மாறைப் பார்.

இதையெல்லாம் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். பத்துமலை அண்ணனும் கேட்டுக்கொண்டு நின்றார். "காதைக் காட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று லீவு கொடுத்துவிட்டார். ஏழு மணிக்கு என் இடத்தில் வேறு ஆள்.

பவித்ரன்


சித்தியவான்
11 மே 2024

தம்பி,

என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

என்னைத் திட்டு. நன்றாகத் திட்டு. அன்றைக்கு அந்த வீட்டில் பெண்ணின் தாயார் சந்திரமதி அம்மா தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். பழத்தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்கட பிள்ளை ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்கள். இராசையா ஐயா மெதுவாக, "தம்பி சொல்லித்தான் வந்தனீங்களோ?" என்று கேட்டார். உன் மாமாதான், "சொல்லணுமா சார்? டிவியிலேயே தெரியுதே லா!" என்றார். அவர்கள் தட்டுகளைத் தொடவே இல்லை. தட்டுகளைத் திருப்பிக் காரில் வைக்கும்போது எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் பெண் வீட்டுக்காரர்கள் முதலில் பிகு செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். நம் முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை. அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

தீபாவளிக்கு வந்தபோது பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை. டிவிக்காரன் ஆனதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று மாமாவிடம் கோபப்பட்டேன். பாவி நான்.

ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போ. டாக்டர் என்ன சொல்கிறார், என்ன கேட்கிறார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது.

அக்கா


தஞ்சோங் மாலிம்
27 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

ஒன்றரை மாதம் எழுதவில்லை. கோபம்தான், வேறென்ன. இப்போது தணிந்துவிட்டது. உன் உடம்பையும் மாமாவையும் பார்த்துக்கொள்.

ஈப்போவில் மூன்று முறை பார்த்தார்கள். வலது காதின் சவ்வில் பழைய ஓட்டையாம், உள்ளே எலும்பும் அரித்துவிட்டதாம். அது இனி அவ்வளவுதான். இடது காதுக்குக் கருவி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே மறைந்திருக்கிற சின்னது எனக்குப் போதாதாம். காதுக்குப் பின்னால் மாட்டுகிற பெரியதுதான். "சின்ன வயசுல காதுல சீழ் வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். நினைவில்லை என்றேன்.

பத்துமலை அண்ணன் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, குரல் மட்டும்: படம் ஓடும்போது நான் பின்னணியில் வாசிக்கலாம், முகம் தெரியாது, நிரந்தரமான வேலை. மற்றது, கருவியோடு மறுபடி ஏழு மணி மேசை. ஒரு மாதம் பார்ப்பார்களாம்; ஜோடி குறைப்பதை அதுவரை தள்ளி வைத்திருக்கிறாராம். பார்க்கிறவர்கள் செய்தியை விட்டுவிட்டுக் காதையே பார்த்தால் அதோடு சரி. "நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சுபாஜினி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "ஆனால் இனி என்னை அப்படி உத்துப் பார்க்க வேண்டாம்" என்றும் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

பவித்ரன்


சித்தியவான்
6 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம்.

குரல் மட்டும் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. காதில் இயந்திரத்தோடு தினம் டிவியில் வந்தால் யார் உனக்குப் பெண் கொடுப்பார்கள்? நிரந்தரமான வேலை என்று அவரே சொல்கிறார். முகம் தெரியாவிட்டால் என்ன. அக்கா சொல்வதைக் கேள். தயவுசெய்து கேள்.

குமுதா


தஞ்சோங் மாலிம்
1 ஆகஸ்டு 2024

அன்பு அக்கா,

நலம். உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அதில் மாமா இல்லை, முத்தம்மா இல்லை, ஒரு கிண்டல் இல்லை. "தயவுசெய்து" என்று நீ என்னிடம் இதுவரை சொன்னதே கிடையாது. உனக்கு என்ன ஆயிற்று? கல்யாணக் கவலை என்றால் நீ நான்கு பக்கம் எழுதியிருப்பாய்.

உன் பேச்சை முதல் முறையாக மீறுகிறேன். திங்கட்கிழமை ஏழு மணிக்கு மேசையில் உட்காருகிறேன். கட்டுப்பாட்டு அறைக் குரல் இப்போது கருவிக்குள்ளேயே வருகிறது. ஒத்திகையில் சுபாஜினி காகிதத்தைப் புரட்டியது எனக்குக் கேட்டது, அக்கா. காகிதச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன். குரலை மட்டும் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை. முடியைக் காதின் மேல் இழுத்து வாரி மறைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பனைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

பார்ப்பாய் அல்லவா?

பவித்ரன்


சித்தியவான்
8 ஆகஸ்டு 2024

அன்புத் தம்பி பவித்ரனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும்.

பார்த்தேன். நான்கு நாளும் பார்த்தேன். முதல் நாள் முத்தம்மா, "காதுல என்ன அது?" என்று கேட்டாள். மாமா, "மெஷினு. காது கேக்கல, மாட்டியிருக்கான். உனக்குச் செய்தி கேக்குதா இல்லையா?" என்றார். அவள் டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நீ எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். மாமா கைதட்டினார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கல்யாணத்துக்காக இல்லை, பவித்ரா. உன் காதில் அந்த மெஷினை என்னால் பார்க்க முடியாது என்பதற்காகத்தான் மறைக்கச் சொன்னேன்.

டாக்டரிடம் நினைவில்லை என்று சொன்னாயாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நினைவிருக்காதா? அம்மா போய் ஏழு மாதம். அப்பா அதற்கு முன்பே இல்லை. தோட்டத்தில் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைக்கப் போகிறோம், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். உன் வலது காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரெசர் சீட்டு எழுதிக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை கட்டாயம் ஈப்போவுக்குக் கொண்டு போ புள்ள, விட்டா காது போயிடும்" என்றார். அதே வெள்ளிக்கிழமைதான் கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். அந்த ஒரு நாள்தான் எடுப்பார்கள்.

காலையில் நான் புறப்படும்போது, "வலி போச்சுக்கா, நீ போ" என்றாய். இரவெல்லாம் நீ அழுது தலையணை நனைந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். நீ சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். அடுத்த வாரம் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேலைக்கு முதல் வாரம். அதற்கடுத்த வாரம் சீழ் தானாக நின்றுவிட்டது. ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த வேலையில் இருந்துதான் தம்பியை ஆளாக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது உன் காதைக் கொடுத்து வாங்கிய வேலை என்று யாரிடமும் சொன்னதில்லை. மாமாவிடம்கூட. நேற்றுத்தான் சொன்னேன்.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. எழுதத்தான் முடிகிறது.

அக்கா குமுதா


தஞ்சோங் மாலிம்
13 ஆகஸ்டு 2024

அன்பு அக்கா,

நான் சுகம். நீயும் சுகமாக இரு. சனிக்கிழமை மதியம் வருகிறேன். மாமாவிடம் சொல்.

டாக்டரிடம் சொன்னது பொய்தான். எல்லாம் நினைவிருக்கிறது. வலி போச்சு என்று நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியும் என்பது எனக்கும் அன்றே தெரியும். நீ வேலிக்கு வெளியே போய் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய். திரும்பி வந்துவிடுவாயோ என்று பயந்துபோனேன். நீ வந்திருந்தால் நாம் இரண்டு பேரும் எதைச் சாப்பிட்டிருப்போம்? அதனால்தான் இன்னொரு தரம், உன் காதில் விழும்படி, "போக்கா!" என்று கத்தினேன்.

உன் தம்பி,
பவித்ரன்